குழாய்க்குள் கரி

குளிர்பெட்டி பழுது பார்க்கும் அந்தக் கடையில் அவளுக்குக் கேஸ் அக்கா என்று பெயர். குளிர்பெட்டி ஓடுகிறது ஆனால் குளிரவில்லை என்று யார் வந்து நின்றாலும், முதலாளி நாற்காலியை விட்டு எழாமலே, கேஸ் அக்காவிடம் சொல்லுங்கள் என்று கையைக் காட்டிவிடுவார். அறுபது வயதுக்காரர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வயதில் தனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான் என்று அவள் சிரித்துக்கொள்வாள்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தோற்றவள். அந்த வருடம் கடையில் போன் எடுக்க ஆள் தேவைப்பட்டது, போனாள். மெக்கானிக்குகள் வெளிவேலைக்குப் போனபின் வாடிக்கையாளர்கள் அவள் தலைமேல் வந்து நிற்பார்கள். திட்டு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமே என்று ஒருநாள் கழற்றினாள். மூன்றாம் வருடம் தனியாக வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பத்து வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கடையில் செப்புக் குழாய் ஒட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் போட்ட ஒட்டு மோதிரம் மாதிரி இருக்கும். அதை அவளே கொஞ்ச நேரம் நின்று ரசித்துவிட்டுத்தான் மூடியைப் போடுவாள்.

ஊருக்கு வெளியே, மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் ஒரு கம்பெனி இருந்தது. ஒவ்வொரு குளிரறையும் ஒரு வீட்டளவு. அங்கே வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இரண்டு முறை விண்ணப்பித்துப் பார்த்தாள். கணினியில் வரும் படிவத்தில் 'பட்டம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. இரண்டு முறையும் அந்தக் கட்டத்தோடு கதை முடிந்தது.

அவளுக்கு நேர் எதிர் தம்பி. அவளைவிட நாலு வயது இளையவன், இயந்திரப் பொறியியல் படித்தவன். படிப்பு முடிந்து ஐந்து வருடத்தில் மூன்று வேலை மாறியிருந்தான், மூன்றுமே போனில் எதையாவது விற்கிற வேலை. அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். யார் கேட்டாலும், பையன் என்ஜினியர் என்று நிமிர்ந்து சொல்வார். பொண்ணு என்ன செய்கிறாள் என்று கேட்டால், கடையில் இருக்கிறாள் என்பார். எந்தக் கடை, என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு தப்பு நடந்தது. ஒரு குளிரறையில் எச்சரிக்கை மணி மூன்று முறை அடித்தும், மேற்பார்வையாளர் எழுந்துபோய் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மணியை அணைத்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க இருந்த மருந்து வீணானது. அவருக்கு இரண்டு பட்டங்கள் இருந்ததாகத் தொழிலில் இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதமே கம்பெனி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு இடங்கள் காலி. பட்டம் கேட்கப்படாது. ஒரு பழுதான இயந்திரமும் நாலு மணி நேரமும் தரப்படும். வேலையைச் செய்து காட்டி, அறிக்கை எழுதித் தரவேண்டும். தேறாதவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி வரலாம்.

அறிவிப்பை வீட்டில் முதலில் பார்த்தவன் தம்பி. சத்தமாகப் படித்துவிட்டு, தான் போகப்போவதாகச் சொன்னான். நானும்தான் போகிறேன் என்றாள் அவள். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நீளமான ஒரு கொட்டகையில் பரீட்சை நடந்தது. தலை நரைத்து, நீல மேலங்கி போட்ட ஒரு பெண்தான் தலைமை மெக்கானிக். எல்லோருக்கும் கையுறையையும் கண்ணாடியையும் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, தொடங்கலாம் என்றார்.

அவளுடைய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அறை குளிரவில்லை. அழுத்தமானியில் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் குறைவாக இருந்தது. பக்கத்து இயந்திரக்காரர் அதைப் பார்த்ததும் வாயு போதவில்லை என்று சிலிண்டரைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் குழாயோடு கையை ஓட்டிக்கொண்டே போனாள். வடிகட்டியின் இந்தப் பக்கம் வெதுவெதுப்பு, அந்தப் பக்கம் சில்லிப்பு. அடைப்பு அங்கேதான். பழைய வடிகட்டியை வெட்டி எடுத்து, புதியதை வைத்து இரண்டு ஒட்டு போட்டாள். இரண்டரை மணி நேரத்தில் அறை குளிர ஆரம்பித்துவிட்டது. கொட்டகையில் முதலில் முடித்தவள் அவள்தான்.

தலைமை மெக்கானிக் வந்து ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வாயுவை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, அவள் போட்ட ஒட்டை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தார். அவளுக்குச் சொந்த விரலை அறுப்பது போல இருந்தது.

"வெளியே இவ்வளவு அழகான ஒட்டு இன்னைக்கு யாரும் போடல," என்றார் அவர். "உள்ள பாருங்க."

உள்ளே கரி. கருகிய தோல் மாதிரிச் செதில் செதிலாகக் குழாயின் சுவரை மூடியிருந்தது. பதின்மூன்று வருடத்தில் தன் ஒட்டு ஒன்றின் உள்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை.

"ஒட்டும்போது குழாய்க்குள்ள நைட்ரஜன் விட்டீங்களா?"

"இல்லைங்க மேடம். எங்க கடைல விடுறதில்ல."

"இந்தக் கரி உரிஞ்சு எண்ணெயோட சேர்ந்து ஓடும். ஆறு மாசத்துல கம்ப்ரசர் போயிடும். வீட்டு ஃபிரிட்ஜா இருந்தா பால் கெட்டுப்போகும், அவ்வளவுதான். இங்க இருக்கறது குழந்தைங்களுக்குப் போடற ஊசி."

அறிக்கைத் தாளையும் காட்டினார். 'அடைப்பு, சரி செய்யப்பட்டது' என்று மூன்றே சொற்கள் எழுதியிருந்தாள். இதை வைத்துக்கொண்டு அடுத்து வருகிற மெக்கானிக் என்ன புரிந்துகொள்வார் என்று கேட்டார்.

தம்பியும் தேறவில்லை, அன்று யாருமே தேறவில்லை. அவனுடைய அறிக்கை நாலு பக்கம், வரைபடத்தோடு. பழுதுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம் என்று பிழையில்லாமல் எழுதியிருந்தான். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க இயந்திரத்தின் ஒரு திருகாணியைக் கழற்றியதோடு அவனுடைய நாலு மணி நேரமும் தீர்ந்துபோயிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் அந்தப் பிளந்த குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டார். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். உனக்கு ஒரு கடை இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவனுக்கு என்ன இருக்கிறது என்றார். அடுத்த முறை அவன் மட்டும் போகட்டும், கூடப் பிறந்தவளே போட்டிக்கு வந்து நின்றால் அவனுக்குக் கை ஓடாது என்றார்.

"நான் போவேன்ப்பா," என்றாள். "அவனும் வரட்டும். அவன் இடத்தை நான் எடுக்கல. ரெண்டு இடம் இருக்கு."

"அப்பா சொல்றதுக்கு ஒரு மதிப்பு இல்லையா?"

"இருக்குப்பா. இத்தனை வருஷம் அந்தக் கட்டத்துல எழுத ஒண்ணும் இல்லாம நின்னேன். இப்ப கட்டத்தை எடுத்துட்டாங்க. இப்பப் போகலன்னா என்னை நானே மதிக்க மாட்டேன்."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று தம்பியின் அறைக்குப் போய், கைக்குட்டையைப் பிரித்துக் குழாய்த் துண்டை அவன் மேசையில் வைத்தாள். இது ஏன் இப்படி ஆகிறது என்று உன் புத்தகத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் பார்த்த மாத்திரத்தில் சொன்னான். செம்பு சூடாகும்போது உள்ளே காற்று இருந்தால் அதிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து இப்படிக் கரி மாதிரிப் படிந்துவிடும். நைட்ரஜன் விட்டால் காற்று வெளியே போய்விடும், குழாய் உள்ளேயும் பளபளவென்று இருக்கும். மூன்றாம் வருடப் பாடம்.

"அப்ப ஏன்டா இத்தனை நாள் எனக்குச் சொல்லல?"

"நீ கேட்டதே இல்லையே அக்கா. கடைக்கு வந்தா, புஸ்தகப் புழு, ஓரமா நில்லுன்னுதானே சொல்லுவ." குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்லுவாங்க. இந்தக் கரிக்கு உதவும் போல."

பரீட்சைக்குப் பிறகு அவள் முதன்முறையாகச் சிரித்தாள். அந்த இடத்திலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அவன் அவளுக்கு அறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்கவேண்டும், மானிகளின் கணக்கைச் சொல்லித்தரவேண்டும். அவள் அவன் கையில் ஒட்டுப் போடும் சூட்டுவிளக்கைக் கொடுத்துப் பழக்கவேண்டும்.

மறுநாள் கடையில் பழைய வேலைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் ஒட்டுப் போட்ட இயந்திரங்களில் எத்தனை ஒரு வருடத்துக்குள் கம்ப்ரசர் போய்த் திரும்பி வந்தன என்று பார்த்தாள். பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் மின்சாரக் கோளாறு என்றும் மட்டமான கம்ப்ரசர் என்றும் கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள், நம்பித்தான் சொன்னாள். அந்தச் சீட்டுகளைத் தனியாக ஒரு கட்டாகக் கட்டி வைத்தாள்.

பிறகு முதலாளியிடம் போய் நைட்ரஜன் சிலிண்டர் வேண்டும் என்றாள். பதின்மூன்று வருடம் அது இல்லாமல் கடை ஓடவில்லையா, எந்த வாடிக்கையாளர் வந்து குறை சொன்னார் என்று அவர் கேட்டார்.

"குறை சொன்னாங்க மொதலாளி. நாமதான் வேற பேர் வச்சு அனுப்பிட்டோம். இனிமே அது இல்லாம நான் ஒரு ஒட்டுகூடப் போட மாட்டேன்."

அவர் அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டார். அவள் அன்றிலிருந்து ஒயர் வேலை, விசிறி வேலை, கதவு ரப்பர் வேலை எல்லாம் செய்தாள், சூட்டுவிளக்கை மட்டும் தொடவில்லை. நாலு நாளில் கடை வாசல்வரை குளிர்பெட்டிகள் வரிசை கட்டின. ஐந்தாம் நாள் சிலிண்டர் வந்து இறங்கியது. முதலாளி அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்தொன்பதில் பூக்கடைக்காரி ஒருத்தியின் கண்ணாடிப் பெட்டி இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவிப் பெட்டியோடு அந்தப் பூக்கடைக்கே போய், தப்பு என்னுடையது என்று சொல்லி, குழாய்களைக் கழுவி, வடிகட்டியை மாற்றிக் கொடுத்தாள். பூக்கடைக்காரி நம்பமுடியாமல் பார்த்தாள். இந்த ஊரில் மெக்கானிக் யாராவது தன் தப்பு என்று சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்றாள்.

தம்பி தினமும் காலை ஆறு மணிக்கு அவளோடு கடைக்கு வந்தான். ஒன்பதரைக்கு அவனுடைய போன் வேலை. முதல் இரண்டு வாரம் அவன் தொட்ட குழாய்களெல்லாம் எலி கடித்தது போல ஓட்டை ஓட்டையாக உருகின. விரலில் இரண்டு இடத்தில் கொப்புளம். தீயைக் குழாயில் காட்டு, ஒட்டுக் கம்பியில் காட்டாதே, குழாய் சூடானால் கம்பி தானாக உருகி ஓடும் என்று அவள் நூறு தடவை சொல்லியிருப்பாள். நூற்றோராவது தடவை ஓடியது. அவன் விளக்கை அணைத்துவிட்டு, ஒட்டு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு எழுத்துதான் எமன். என்ன பார்த்தேன், என்ன செய்தேன், என்ன மீதி இருக்கிறது என்று மூன்றை மட்டும் எழுது, அதற்கு மேல் ஒரு எழுத்தும் வேண்டாம் என்றான் தம்பி. முதலில் தினமும் ஐந்து அறிக்கை, பிறகு பத்து. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தபின் வெற்றிட மானியை எப்படிப் படிப்பது என்பதையும் அவன் ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தான். எண் ஏறி நின்றால் ஈரம், ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. அதுவரை அவள் பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கை நிதானத்தில் நிறுத்துகிறவள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கொட்டகை. இந்த முறை இருவரும் வேறு வேறு வரிசையில் இருந்தாலும் ஒரே வகை இயந்திரம். வாயு முழுவதும் போயிருந்தது. கம்ப்ரசர் பக்கத்துக் குழாயில் விரிசல் இருப்பதை அவள் அரை மணியில் கண்டுபிடித்தாள். நைட்ரஜன் விட்டு ஒட்டினாள். அழுத்தம் ஏற்றிப் பார்த்தாள், இருபது நிமிடம் முள் அசையவில்லை. பம்பை ஓட்டி, நிறுத்தி, வெற்றிட மானியைப் பார்த்தாள். எண் ஏறியது. நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. மெதுவாக, எறும்பு மாதிரி, ஏறிக்கொண்டே போனது.

இன்னும் ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது. சுற்றிலும் மற்றவர்கள் வாயு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு சின்ன ஓட்டையில் இன்று ஒன்றும் ஆகாது. வாயுவை ஏற்றினால் அறை குளிரும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். வெற்றிடத்தை உடைத்துவிட்டு மறுபடி நைட்ரஜனை ஏற்றினாள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் பார்த்தாள். கடைசியில், வால்வின் மேல் சுற்றியிருந்த பஞ்சு உறையைப் பிரித்தபோது, பித்தளை நட்டில் ஒரு குமிழி மட்டும் கடுகளவு வந்து நின்றது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி வந்தது. நட்டில் மயிரிழை விரிசல்.

தட்டில் மாற்று நட்டு இல்லை. தலைமை மெக்கானிக்கிடம் கேட்டாள், தட்டில் இருப்பது மட்டும்தான் என்றார். ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்று இறுக்கினால் குமிழி இப்போதைக்கு நின்றுவிடும். ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். நட்டு வரை கொண்டுபோய்விட்டுத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். தாளை எடுத்து எழுதினாள்.

'கம்ப்ரசர் குழாயில் விறிசல், ஒட்டிவிட்டேன். வால்வு நட்டில் விறிசல், மாற்று நட்டு இல்லை. வாயு நிரப்பவில்லை. வேலை முடியவில்லை. நட்டு மாற்றும்வரை இந்த அறையில் மருந்து வைக்கக் கூடாது.'

எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். இன்னும் மூன்று மாதம், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அந்த நட்டை நாங்கதான் வச்சோம்," என்றார் தலைமை மெக்கானிக். "அந்த வகை மெஷின்ல எட்டுப் பேர் வேலை பார்த்தாங்க. மூணு பேர் நட்டைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேர் அதை இறுக்கிட்டு கேஸ் ஏத்திட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ஏத்தல." பிறகு தாளைப் பார்த்துவிட்டு, "விரிசலுக்கு இடையின 'ர'. வர்ற திங்கக்கிழமை வந்துடுங்க," என்றார்.

தம்பி நட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அவன் போட்ட ஒட்டு உள்ளும் புறமும் பளபளவென்று இருந்ததாகச் சொன்னார்கள். எண் ஏறியதைக் கவனித்தும், ஈரமாக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டதாக அவனே வழியில் சொன்னான். உனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் நானே கோட்டை விட்டேன் என்றான். அவள் அவன் தோளில் கை வைத்தாள், அவன் தட்டிவிடவில்லை.

வீட்டில் அப்பா வேலை உத்தரவை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எத்தனை மணிக்கு அங்கே இருக்கவேண்டும் என்று கேட்டார். எட்டு என்றாள்.

"ஏழு அஞ்சு வண்டியில போகாதம்மா, அது மார்க்கெட் சுத்திப் போகும். ஆறு அம்பதைப் பிடி. டிரைவருக்குப் பின்னாடி சீட்ல உட்காரு, காலைல அந்தப் பக்கம் வெயில் வராது."

ஆறு ஐம்பது என்று அவள் உத்தரவின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. தம்பி போன் வேலையை விட்டுவிட்டான். கடையில் அவள் இடம் காலியாகிறது, தான் வருகிறேன் என்று முதலாளியைக் கேட்டான். முதலாளி அவனைத் தலை முதல் கால்வரை பார்த்தார். என்ஜினியரை வைத்து வேலை வாங்க எனக்குத் தெரியாது, படித்தவன் சொன்ன பேச்சு கேட்கமாட்டான், இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்து ஓடிவிடுவான் என்றார். கருவிகளை ஒப்படைக்க வந்திருந்த அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி, பட்டம் இல்லன்னு எனக்குக் கதவை மூடினாங்க. இருக்குன்னு இவனுக்கு நீங்க மூடறீங்க. காகிதத்தை விடுங்க. ஒரு வேலையைக் குடுத்துப் பாருங்க."

மூலையில் ஒரு தண்ணீர் குளிரூட்டி ஒரு வாரமாகக் கிடந்தது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துக் கைவிட்டது. முதலாளி அதைக் காட்டினார். சாயங்காலத்துக்குள் குளிர்ந்தால் பார்க்கலாம் என்றார்.

தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். முதலில் எதையும் கழற்றவில்லை. குழாயோடு கையை ஓட்டிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் நின்று, திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. அவன் மறுபடி தன் கையைப் பார்த்து, சரியென்று தலையாட்டிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்தான்.

அவள் தன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து ஆணியில் மாட்டினாள், வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்தை நோக்கி நாலடி நடந்திருப்பாள், பின்னால் சிலிண்டரைத் திறக்கும் சீறல் கேட்டது. குழாய்க்குள் நைட்ரஜன் போகிறது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.